பச்சைப் புலி

ஒரு காட்டுல ஓவிய வகுப்பு ஒண்ணு நடந்துச்சு. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க. பின்னாடி நேரம் கிடைக்காது, புலி வருது.

டீச்சர் ஒரு மீன்கொத்தி. உடம்பு கையளவு, குரல் காடளவு. பாடம் தப்பாச்சுன்னா மூக்காலயே ஒரு கொத்து. பசங்க நேர்ல 'டீச்சர்'னு கூப்பிடுவாங்க. முதுகுக்குப் பின்னாடி 'ஊசிமூக்கு'.

ஓடைக்கரையில பெரிய வெள்ளைப் பாறை ஒண்ணு இருந்துச்சு. அதுதான் அவங்களுக்குக் கரும்பலகை. பாறைக்குக் கீழ விளாங்காய் ஓட்டுல நிறங்களைக் கரைச்சு வரிசையா வெச்சிருப்பாங்க. மஞ்சளுக்குக் காட்டு மஞ்சள் கிழங்கு. ஆரஞ்சுக்குப் புரசம்பூ. பச்சைக்கு இலைச்சாறு. நீலத்துக்கு ஊறப்போட்ட அவுரி. தூரிகை ஆலம்விழுது. அதோட நுனியை மென்னு மென்னு நாராக்கித் தர்றது கொக்கிங்கிற குரங்குக்குட்டியோட வேலை. வேலை குடுக்காட்டியும் கொக்கி எதையாவது மென்னுக்கிட்டுத்தான் இருப்பான். மெல்ல எதுவும் கிடைக்கலைன்னா யாரையாவது கேலி பண்ணுவான்.

அடுத்தது கிளி. டீச்சர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லும். தும்மினா தும்மலையும் சொல்லும்.

மூணாவது ஆளு ஒரு புள்ளிமான் குட்டி. முதுகுல யாரோ பொரி கொட்டிட்டுப் போன மாதிரி வெள்ளைப் புள்ளி. அதனால பேரு பொரியன். சத்தம் போடமாட்டான், எதிர்த்துப் பேசமாட்டான். ஒழுங்கா கோடு போடுவான்.

நிறம் எடுக்கிறதுல மட்டும் பொரியனுக்கு ஒரு பழக்கம். ஓட்டை எண்ணி எடுப்பான். இடது பக்கத்துல இருந்து ரெண்டாவது ஆரஞ்சு, மூணாவது பச்சை. பாத்து எடுக்கணும்னு அவனுக்குத் தோணினதே இல்ல. ரெண்டு ஓட்டுல இருந்ததும் அவன் கண்ணுக்கு ஒண்ணுதான். ஒரு சாமானுக்கு ரெண்டு பேரு இருக்கிறதில்லையா, அந்த மாதிரின்னு நினைச்சுக்கிட்டான். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னும் நினைச்சுக்கிட்டான்.

அன்னைக்கு டீச்சர் பாறையில ஒரு வட்டம் போட்டு, அதுல நிறங்களைச் சுத்தி வெச்சாங்க. நிறச் சக்கரம்.

"பக்கத்து வீட்டு நிறம்னா என்ன?"

"சக்கரத்துல ஒட்டி ஒட்டி இருக்கிறது டீச்சர்," கிளி கடகடன்னு சொல்லுச்சு. "மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சேர்த்து வெச்சா சண்டை போடாது டீச்சர்."

"எதிர் வீட்டு நிறம்?"

"நேரெதிர்ல இருக்கிறது டீச்சர். பக்கத்துல வெச்சா ரெண்டும் கத்தும் டீச்சர்."

"உதாரணம் சொல்லு."

கிளி முழிச்சுச்சு. உதாரணத்தை டீச்சர் இன்னும் சொல்லித்தரலை.

டீச்சர் திரும்பி முதுகைக் காட்டினாங்க. பளீர்னு நீலம். முன்பக்கம் திரும்பினாங்க. மார்பு முழுக்க ஆரஞ்சு.

"நான்தான் உதாரணம். இத்தனூண்டு இருக்கேன். ஆனா அக்கரையில இருக்கிற நண்டுகூட என்னைக் கண்டா வளைக்குள்ள ஓடுது. எதனால? என் ஆரஞ்சு பக்கத்துல நின்னு நீலத்தைக் கத்த வைக்குது. நீலம் ஆரஞ்சைக் கத்த வைக்குது."

"இல்லாட்டியும் டீச்சர் நல்லாத்தான் கத்துவாங்க," கொக்கி முணுமுணுத்தான். கொத்து விழுந்துச்சு.

பொரியன் சிரிக்கலை. அவன் மனசு அங்க இல்ல.

கோடை. காட்டுல எல்லாக் குட்டையும் வத்திப்போயி, கெளுத்தி மடுவுல மட்டும்தான் தண்ணி. சாயங்காலம் மான் கூட்டம் அங்க போயாகணும். போற வழியெல்லாம் ஆளுயர நாணல். அந்த நாணலுக்குள்ள புலி. தினம் சாயங்காலம் கூட்டத்துல ஒண்ணு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

கூட்டத்துக்குக் காவல் பாக்குறது பொரியனோட அம்மா. நேத்து சாயங்காலமும் ஒண்ணு போச்சு. காலையில கொம்புக்காரப் பெரியவர் எல்லார் முன்னாடியும் அவளை நிக்க வெச்சுக் கேட்டார்.

"புலி நின்ன இடத்தை நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். நேராத்தான் பாத்தேன். வெறும் நாணல்தான் இருந்துச்சு."

"வெறும் நாணலா நம்ம பிள்ளையைத் தூக்கிட்டுப் போச்சு? நின்னுக்கிட்டே தூங்கியிருக்கே நீ. இன்னைக்கு நீயே முன்னாடி போ. கடிக்கிறதா இருந்தா உன்னை முதல்ல கடிக்கட்டும். அப்பவாவது உனக்குத் தெரியுதான்னு பாப்போம்."

அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பொரியன் அன்னைக்கு வெயில் ஏற ஏறப் பாறையோட நிழலையே பாத்துக்கிட்டு இருந்தான். பொழுது சாயுறதுக்குள்ள ஏதாவது பண்ணணும். என்ன பண்றது? அவன்கிட்ட இருக்கிறது ஒரு ஆலம்விழுது.

"எல்லாரும் கேளுங்க," டீச்சர் சொன்னாங்க. "உங்களுக்கு எது ரொம்பப் பயமோ, அதை வரையுங்க. சுத்தி நாணல் இருக்கட்டும். ஆனா பயம் நாணலோட கலந்துடக் கூடாது. தனியா, பளிச்சுனு தெரியணும். எந்த நிறம் எந்த நிறத்துக்குப் பக்கத்துல வருதுன்னு யோசிச்சு அடிங்க."

சொல்லி வெச்ச மாதிரி மூணு பேரும் புலியையே வரைஞ்சாங்க.

பொரியன் முதல்ல கோட்டைப் போட்டான். அப்புறம் மூணாவது ஓட்டைத் தொட்டு நாணல் முழுக்கப் பச்சை அடிச்சான். அந்த நேரம் பாத்துக் கொக்கி என்ன பண்ணான்னா, சும்மா கை அரிக்குதுன்னு ரெண்டாவது ஓட்டையும் மூணாவது ஓட்டையும் இடம் மாத்தி வெச்சுட்டான். பொரியன் பழக்கப்படி ரெண்டாவது ஓட்டைத் தொட்டான். புலி உடம்பு முழுக்க அடிச்சான். ரெண்டடி பின்னால நின்னு பாத்தான். அவன் கண்ணுக்கு அது நிஜப் புலி மாதிரியே இருந்துச்சு.

முதல்ல பாத்தது கொக்கிதான். விழுந்து விழுந்து சிரிச்சான்.

"டேய், எல்லாரும் வாங்கடா. பொரியன் பச்சைப் புலி வரைஞ்சிருக்கான். இந்தப் புலி கறி சாப்பிடாது, கீரைதான் சாப்பிடும்."

"பச்சைப் புலி, பச்சைப் புலி," கிளி ஆரம்பிச்சுச்சு.

டீச்சர் பறந்து வந்து பாத்தாங்க. நாணலும் பச்சை, புலியும் பச்சை.

"இது என்ன?"

"ஆரஞ்சு அடிச்சேன் டீச்சர்."

"பச்சையை அடிச்சு வெச்சுட்டு ஆரஞ்சுங்கிறியா?"

"ரெண்டாவது ஓடுதான் டீச்சர் எடுத்தேன்."

"உனக்கு நான் ஓட்டை எண்ணவா சொல்லித்தர்றேன்? கண்ணு எதுக்கு இருக்கு? தப்புப் பண்றவன் உக்காரலாம், பொய் சொல்றவனுக்கு என் பாறையில இடம் இல்ல. போ, அந்த நாணல் ஓரமா போய் நில்லு."

காலையில அம்மாவுக்குக் கிடைச்சது மத்தியானம் அவனுக்கும் கிடைச்சுச்சு. பொரியன் எதுவும் பேசாம இறங்கிப் போனான். வகுப்பைப் பாத்தபடி, நாணலுக்கு முதுகைக் காட்டி நின்னான். காத்து அவன் மூஞ்சியில அடிச்சு, நாணல் பக்கமா போச்சு. அப்படின்னா நாணலுக்குள்ள யாரு இருந்தாலும் அவன் வாசம் அவங்களுக்குப் போகும். அவங்க வாசம் அவனுக்கு வராது. பாவம், அவன் அதை யோசிக்கலை.

கொக்கி பாறை உச்சியில உக்காந்து பழிப்புக் காட்டிக்கிட்டு இருந்தான். நாக்கை நீட்டினான், காதை இழுத்தான். திடீர்னு நீட்டின நாக்கு நீட்டினபடியே நின்னுபோச்சு.

"பொரியா," டீச்சர் சொன்னாங்க. அந்தக் குரல்ல கொத்து இல்ல. "அசையாம மெதுவா வா. உனக்குப் பின்னாடி நிக்குது."

சொன்னா யாராவது திரும்பாம இருப்பாங்களா? திரும்பினான்.

நாணல். அதைத் தவிர எதுவும் இல்ல.

"எங்க டீச்சர்?"

"டேய், நேரா அதைத்தான்டா பாக்குறே," கொக்கி மேல இருந்து சொன்னான். "உன் மூக்குக்கு நேரா. தீப்பிடிச்ச மாதிரி நிக்குதேடா. தெரியலையா?"

பொரியன் பாத்தான். நாணல் தண்டு, தண்டோட நிழல், இன்னொரு நிழல். விளையாடுறாங்களோன்னு ஒரு நொடி நினைச்சான். அப்புறம் அதுல ரெண்டு நிழல் கண்ணைச் சிமிட்டுச்சு.

"ஓடாதே தம்பி," நாணல் பேசுச்சு. "நீ ஓடினா எனக்குத் துரத்தணும்னு தோணும். மத்தியான வெயில்ல துரத்துறது எனக்குப் பிடிக்காது."

நாணலை விலக்கிக்கிட்டுப் புலி வெளிய வந்துச்சு. வெள்ளை மணல்ல கால் வெச்சதும்தான் பொரியனுக்கு அது முழுசாத் தெரிஞ்சுச்சு. அவ்வளவு பெருசு அவ்வளவு பக்கத்துல நின்னிருக்கு.

அந்தப் புலியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அதுக்குப் பசியைவிடப் பெருமை ஜாஸ்தி. தண்ணி குடிக்கப் போனா, குடிக்கிறதைவிட அதுல மூஞ்சி பாக்குறதுக்குத்தான் நேரம் ஆகும்.

"பயப்படாதீங்க டீச்சரம்மா. எனக்குச் சாப்பாடு சாயங்காலம், மடுவுல. நீங்க எல்லாரும் என் படத்தை எழுதுறீங்கன்னு நரி சொல்லுச்சு. பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். நீங்க பாடத்தை நடத்துங்க. பாடம் முடிஞ்சதும் படத்தைப் பாக்குறேன்."

சொல்லிட்டு, பாறையில இருந்து காட்டுக்குப் போற ஒரே வழியில காலை நீட்டிப் படுத்துச்சு. வாசல் அடைச்சாச்சு. டீச்சருக்கும் கிளிக்கும் றெக்கை இருக்கு, கொக்கிக்கு மரம் இருக்கு. பொரியனுக்கு நாலு கால்தான், அதுக்கு அந்த ஒரே வழிதான்.

டீச்சர் றெக்கையை விரிக்கலை. தொண்டையைக் கனைச்சுக்கிட்டு நிற ஓடுகளுக்குப் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. பொரியனைக் கூப்பிட்டாங்க. புலிக்குக் கேக்காத குரல்ல, ஆரஞ்சு இருந்த ஓட்டைக் காட்டி, "இது என்ன நிறம்? எண்ணாதே. பாத்துச் சொல்லு."

"நாணல் நிறம் டீச்சர்."

பச்சையைக் காட்டினாங்க. "இது?"

"அதேதான் டீச்சர்."

"இது?"

"நீலம்," யோசிக்காம சொன்னான். "அது எங்க இருந்தாலும் தெரியும்."

"என் முதுகு?"

"நீலம்."

"என் மார்பு?"

"நாணல் நிறம்."

டீச்சரோட மூக்கு திறந்தது திறந்தபடி இருந்துச்சு. "இத்தனை நாள் இதை ஏன்டா சொல்லலை?"

"நீங்க கேக்கலையே டீச்சர்."

டீச்சர் கொஞ்ச நேரம் தன் ஆரஞ்சு மார்பையே குனிஞ்சு பாத்தாங்க. அப்புறம் மெதுவா, "உங்க அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கும் எனக்கும் ஒரே கண்ணுன்னு எல்லாரும் சொல்வாங்க," சொல்லும்போதே பொரியனுக்கு விளங்கிப்போச்சு. அம்மா தூங்கலை. அம்மா நேராத்தான் பாத்திருக்கா. கொம்புக்காரப் பெரியவர் பாத்திருந்தாலும் வெறும் நாணல்தான் தெரிஞ்சிருக்கும். இன்னைக்குச் சாயங்காலம் அம்மா முன்னாடி போவா, நேரா புலியையே பாப்பா, பாத்துக்கிட்டே அதோட வாய்க்குள்ள நடந்து போவா.

"பாடம் முடிஞ்சுதா?" புலி கொட்டாவி விட்டுக்கிட்டே எழுந்து வந்துச்சு.

முதல்ல கிளி வரைஞ்ச படத்தைப் பாத்துச்சு. "ம், பரவாயில்ல." கொக்கி வரைஞ்சதைப் பாத்துச்சு. "இது யாரு, உங்க மாமாவா?" கொக்கி அவசரமா ஒரு விழுதை எடுத்து மெல்ல ஆரம்பிச்சான்.

அப்புறம் பொரியனோட படம். புலி தலையை இந்தப் பக்கம் சாய்ச்சுச்சு, அந்தப் பக்கம் சாய்ச்சுச்சு. முதுகுல இருந்த முடி ஒவ்வொண்ணா எழுந்துச்சு.

"இதுல நான் எங்க? நாணல் இருக்கு, கோடு இருக்கு, ஆளைக் காணோம். என்னை இல்லாமப் பண்ணது யாரு?"



"பொரியன் டீச்சர்," கிளி சொல்லிடுச்சு. கேள்வி கேட்டா பதில் சொல்லியே பழகின வாயி.

புலி திரும்புச்சு. மத்தியானம் துரத்தப் பிடிக்காதுன்னு சொன்ன புலிக்கு, இப்பத் துரத்தவே வேண்டியதில்ல. ஒரு எட்டு எடுத்து வெச்சா போதும்.

பொரியனுக்கு அம்மா ஞாபகம் வந்துச்சு. நீல ஓடு கண்ணுல பட்டுச்சு. எங்க இருந்தாலும் தெரியுற ஓடு.

"அய்யா, அந்தப் படத்துக்கு நான் பொறுப்பு இல்ல," அவன் சொன்னான். "நீங்க நாணல்ல நின்னா அப்படித்தான் இருக்கீங்க. உங்ககிட்ட ஒரு நிறம் குறையுது."

டீச்சர் கண்ணை மூடிக்கிட்டாங்க.

"என்கிட்ட," புலி ஒவ்வொரு சொல்லா கடிச்சுத் துப்புச்சு, "குறையா?"

"எங்க டீச்சரைப் பாருங்க. உங்க மீசை கனம் இருக்க மாட்டாங்க. ஆனா ஓடையைத் தாண்டினா ஊரே பாக்குது. அவங்க ஆரஞ்சுக்குப் பக்கத்துல எதிர் வீட்டு நிறம் நிக்குது, நீலம். அது நின்னாதான் ஆரஞ்சு கத்தும். உங்ககிட்டயும் ஆரஞ்சு இருக்கு, எல்லாரையும்விட அதிகமா இருக்கு. கத்த வைக்கத்தான் ஆள் இல்ல. ராஜா வர்றார்னு தெரியாம, வந்தப்புறம் 'ஓ, இவரா'ன்னு கேக்குறாங்க."

புலி டீச்சரைப் பாத்துச்சு. நீலத்தைப் பாத்துச்சு, ஆரஞ்சைப் பாத்துச்சு. கண்ணுல ஆசை வந்துச்சு. ஆனா அதுவும் முட்டாள் இல்ல.

"டேய் குட்டி. நான் வேட்டைக்குப் போறவன். எல்லார் கண்ணுலயும் பட்டா எனக்கு யாருடா சோறு போடுவா?"

பொரியன் ஒரு அடி முன்னாடி வெச்சான்.

"ஒண்ணு கேக்கலாமா அய்யா? எங்க அம்மா உங்களை நேருக்கு நேரா பாத்தும் தெரியலைன்னு சொல்றா. அது எதனால? நிறத்தாலயா, இல்ல நீங்க ஒளிஞ்சு நிக்கிற திறமையாலயா?"

"இது என்ன கேள்வி. திறமையாலதான். என்னை மாதிரி மூச்சைக் கட்டி நிக்க ஒருத்தன் இருக்கானா இந்தக் காட்டுல?"

"அப்ப நிறம் எப்படி இருந்தா என்ன அய்யா? திறமை அங்கேயேதானே இருக்கும்."

புலி யோசிச்சுச்சு. நிறம்தான் காரணம்னு சொன்னா திறமை போச்சு. திறமைதான்னு சொல்லியாச்சு, இனி எப்படிப் பின்வாங்குறது?

"பூசு," புலி படுத்துச்சு. "நல்லா இல்லைன்னா உன்னைக்கொண்டே துடைச்சுக்குவேன்."

பொரியன் நீல ஓட்டை மூக்கால தள்ளிக்கிட்டுப் போனான். விழுதை வாயில கவ்வினான். புலியோட மூச்சு சூடா அவன் காதுல பட்டுச்சு. அந்த மூச்சுல நேத்து சாயங்கால வாசம். யாருடைய வாசம்னு யோசிக்கக் கூடாதுன்னு கோட்டை மட்டும் பாத்தான். ஒரு கறுப்புக் கோட்டுக்கும் அடுத்த கறுப்புக் கோட்டுக்கும் நடுவுல ஒரு அவுரிக் கோடு. கழுத்துல, விலாவுல, தொடையில, வால் நுனி வரைக்கும். கோடு கோணக் கூடாதேன்னு விழுதை இறுக்கிக் கடிச்சான்.

பூசி முடிச்சுப் பாத்தா, பூசின இடம் அவன் கண்ணுக்குத் தெரியவே இல்ல.

"பச்சையா இருக்குடா," கொக்கி மேல இருந்து காத்தை விட லேசா சொன்னான்.

புலி தலையைத் திருப்பி விலாவைப் பாத்துச்சு. "நீலம் எங்க?"

பொரியன் டீச்சரைப் பாத்தான்.

"காத்து படணும் அய்யா," டீச்சர் சொன்னாங்க. குரலை எப்படியோ வகுப்புக் குரலாவே வெச்சிருந்தாங்க. "ஓட்டுல மேல காத்து பட்ட ஏடுதான் நீலம், அடியில இருக்கிற அவுரி ஊறல் பூசும்போது பச்சையாத்தான் இருக்கும். காத்தைக் குடிச்சுத்தான் நீலமாகும். அசையாம இருங்க. மூச்சைக் கட்டத் தெரியும்னு சொன்னீங்களே."

புலி மூச்சைக் கட்டுச்சு. அதைப் பாத்து எல்லாரும் மூச்சைக் கட்டினாங்க.

முதல்ல தோள்ல ஒரு கோடு நிறம் திரும்புச்சு. அப்புறம் கழுத்துல. அப்புறம் விலா முழுக்க, ஒண்ணு பின்னாடி ஒண்ணா, யாரோ உள்ள இருந்து விளக்கு ஏத்திக்கிட்டே போற மாதிரி. பொரியன் பாத்துக்கிட்டே நின்னான். இப்பப் புலி முழுசாத் தெரிஞ்சுச்சு.

புலி எழுந்து ஓடைத் தண்ணியில மூஞ்சி பாத்துச்சு. அப்புறம் இடது பக்கத்தைப் பாத்துச்சு. வலது பக்கத்தைப் பாத்துச்சு. திரும்ப இடது பக்கத்தைப் பாத்துச்சு.

"தண்ணி பட்டா போயிடுமா?"

"போகாது அய்யா," டீச்சர் சொன்னாங்க. "அவுரி பிடிச்சா முடி உதிர்ந்தாத்தான் போகும்."

"நல்லது," சொல்லிட்டு, வாலைத் தூக்கிக்கிட்டு நாணலுக்குள்ள போச்சு. எதிர்பார்க்காத அளவுக்கு ரொம்ப நேரம் அது போறது பொரியனுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

பொழுது சாஞ்சுச்சு. மான் கூட்டம் மடுவுக்குக் கிளம்புச்சு. அம்மா முன்னாடி. பொரியன் ஓடி வந்து அவ விலாவோட ஒட்டிக்கிட்டு நடந்தான்.

"பின்னாடி போடா," அம்மா சொன்னா.

"நீலத்தைப் பாரும்மா. வேற எதையும் தேடாதே. நீலம் இருக்கான்னு மட்டும் பாரு."

"நாணல்ல ஏதுடா நீலம்?"

"இருந்தா கத்து."

காத்து கூட்டத்து முதுகுல இருந்து மடுவுப் பக்கமா அடிச்சுச்சு. புலிக்கு வேண்டிய காத்து. அம்மா ஒரு அடி வெச்சா, நின்னா, காதைத் திருப்பினா. இன்னொரு அடி. ரெண்டு பக்கமும் நாணல் சலசலத்துச்சு. பின்னாடி கொம்புக்காரப் பெரியவர் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டுச்சு.

மடுவுக்கு முன்னாடி கடைசித் திருப்பம். அம்மா முன்னங்காலைத் தூக்கினவ, கீழ வைக்கலை.

"பொரியா," அவ மெதுவா கேட்டா, "நாணலுக்குள்ள என்னடா, ஆகாயம் கிழிஞ்சு விழுந்து கிடக்கு?"

"அதுதாம்மா."

அம்மா கத்தினா. காடே திரும்புற மாதிரி கத்தினா. கூட்டம் மொத்தமும் தலையைத் தூக்கி அந்த ஒரே இடத்தைப் பாத்துச்சு. நாணலுக்குள்ள நீலக் கோடு கோடா, கண்ணைக் குத்துற மாதிரி.

புலி அசையலை. மூச்சைக் கட்டுச்சு. நம்ம திறமைக்கு இதெல்லாம் ஒரு விஷயமான்னு நின்னுச்சு. எல்லா மானும் அதையே பாத்துச்சு. புலி இடது பக்கம் பதுங்கிப் போச்சு. எல்லாத் தலையும் இடது பக்கம் திரும்புச்சு. வலது பக்கம் ஊர்ந்துச்சு. எல்லாத் தலையும் வலது பக்கம் திரும்புச்சு. வயித்தைத் தரையில ஒட்டிக் கிடந்துச்சு. ஒரு குட்டி மான் பக்கத்துல இருந்த அதோட அக்காகிட்ட, "ஏன்க்கா அது படுத்துருச்சு, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டுச்சு.

புலிக்குக் காது மடிஞ்சுபோச்சு. பாய்ஞ்சும் பாத்துச்சு. முன்கூட்டியே பாத்துட்ட மானை எந்தப் புலி பிடிச்சிருக்கு? வெறும் சேத்துல வந்து விழுந்துச்சு. எழுந்து, யாரையும் பாக்காத மாதிரி நடந்து, மலைக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. போற வழியெல்லாம் மரத்துல உரசிப் பாத்துச்சு. அவுரி போகலை. மரப்பட்டைதான் போச்சு.

மான் கூட்டம் வயிறு முட்டத் தண்ணி குடிச்சுச்சு. கொம்புக்காரப் பெரியவர் பொரியன் அம்மா பக்கத்துல வந்து நின்னார். அப்புறம் தள்ளி நின்னு, அவளுக்கு ஆழமான இடத்தை விட்டுக் குடுத்தார்.

மறுநாள் வகுப்புல பாறையைக் கழுவினாங்க. கிளியோட புலி போச்சு, கொக்கியோட மாமா போனார். பச்சைப் புலிகிட்ட வந்ததும், "அது இருக்கட்டும்," டீச்சர் சொன்னாங்க.

பழைய நிறச் சக்கரத்துக்குப் பக்கத்துல புதுசா ஒரு வட்டம் போட்டாங்க. அதுக்குள்ள ஒண்ணுமே வைக்கலை. விழுதைப் பொரியன்கிட்ட நீட்டினாங்க.

"உனக்கு எப்படித் தெரியுதோ, அப்படி வை."

பொரியன் அடிச்சான். கொக்கி மெல்லுறதை நிறுத்திட்டு, பாறையில இருந்து இறங்கி வந்து பக்கத்துல குந்தினான். புரசம்பூ ஒண்ணை எடுத்து அவன் மூக்குக்கு முன்னாடி நீட்டினான்.

"டேய் பொரியா, நிஜமாத்தான் கேக்குறேன். இது உனக்கு எப்படிடா இருக்கு?"

நீதி: தப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி, அவன் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு கேளு.